கண்முன் ஒரே நிறம் மட்டும் விரிந்தால் மூளை என்ன செய்யும்?

ஹைதராபாத்: கோடும் இல்லை, விளிம்பும் இல்லை, நிழலும் இல்லை, பார்வை எட்டும் இடமெல்லாம் ஒரே சிவப்பு. அப்படியொரு காட்சியைச் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்ப்பவருக்கு முதலில் அந்த நிறமே மறையும். பின்னர் தமது கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற ஐயமே எழக்கூடும்.

உளவியலில் இதற்கு 'கான்ஸ்ஃபெல்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'முழுப் புலம்' என்பது இதன் பொருள். ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930-களில் இதனை முறையாக ஆராய்ந்தார். 1951-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்துகளைக் கண்களின் மீது பொருத்தி வண்ண ஒளியைப் பாய்ச்சியபோது, நிறம் மெல்ல மங்கி மறைவதைக் கண்டறிந்தனர்.

ஏன் மறைகிறது?

நமது பார்வை மண்டலம் மாற்றங்களையே முதன்மையாகக் கவனிக்கிறது. ஒளியும் இருளும், ஒரு நிறமும் மற்றொரு நிறமும் சந்திக்கும் விளிம்புகளே அதற்குச் செய்தி. விளிம்பே இல்லாதபோது நரம்புச் செல்களின் துலங்கல் தணிகிறது, சிவப்பும் சாம்பலாகிறது. வெளியிலிருந்து செய்தி வராத நிலையில், சிலருக்கு மூளை தானே உருவங்களைப் புனைகிறது. தொலைவு, காலம், தம் உடலின் எல்லை ஆகிய உணர்வுகளும் குழம்பக்கூடும்.

மருத்துவமனையில்...

ஹைதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் போன்ற பெரிய மையங்களில் செய்யப்படும் விழித்திரை மின்அலைப் பரிசோதனைக்கு இதே தத்துவம் உதவுகிறது. சுமார் 20 நிமிடங்கள் இருளில் இருந்த நோயாளி, உட்புறம் வெண்மையான கிண்ணம் போன்ற கருவியை நோக்குகிறார். அதில் மின்னும் ஒளி விழித்திரை முழுவதும் சீராகப் பரவ, செல்கள் எழுப்பும் மின்துலங்கல் பதிவாகிறது. மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் பரம்பரை விழித்திரை நோய்களைக் கண்டறிய இது கைகொடுக்கிறது.

வானத்தில்...

நகரை அடுத்த துண்டிகலில் இந்திய விமானப்படை அகாடமி இயங்குகிறது. மேகத்துக்குள் நுழையும் எந்த விமானிக்கும் இதே வெறுமை உயிராபத்தாக மாறலாம். அடிவானம் மறைந்ததும் காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு தவறான தகவலைத் தரும்; சாய்ந்து பறக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். எனவே, உடலின் உணர்வை விடுத்துக் கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும் என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் அடிப்படை விதி.