தனுஷ்கோடி ரயில் நிலையமும் வணிகமும்

ஊர் வளர்வதும் தேய்வதும் போக்குவரத்தைப் பொறுத்தது என்பதை வணிகப் பெருமக்களாகிய நாம் அனுபவத்தில் அறிவோம். இதற்குத் தனுஷ்கோடி ரயில் நிலையத்தை விடச் சிறந்த சான்று கிடையாது.

முற்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியே மக்கள் கொழும்பு செல்வார்கள். இரவு முழுவதும் கடல் பயணம். 1914 பிப்ரவரி மாதம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். 'போட் மெயில்' ரயிலில் தனுஷ்கோடி வந்து, துறைமுகத்தில் நீராவிக் கப்பல் ஏறி, சுமார் 35 கிலோ மீட்டர் கடலைக் கடந்து தலைமன்னார் சேரலாம். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். பயணிகளோடு துணிமணி, கருவாடு போன்ற சரக்குகளும் இவ்வழியே சென்றன. சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கடைகள் என்று மணல் திட்டில் ஓர் ஊரே எழுந்தது.

22-12-1964 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் புயல் அலையில் சிக்கியது. அதில் இருந்தவர்கள் அனைவரும் மாண்டனர். ஊரும் அழிந்தது. அங்கே மக்கள் வாழத் தகுதியில்லை என்று அரசு அறிவித்தது.

சேதமுற்ற பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர் செய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் போடப்படவில்லை. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்துக்கு மாறியது. இலங்கையில் கலவரம் மூண்டபின் 1980-களில் அதுவும் நின்றது. தனுஷ்கோடிக்குப் புதிய ரயில் பாதை அமைக்க 1-3-2019 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

பாலம் 46 நாளில் எழுந்தது, ஊர் எழவில்லை. காரணம் என்ன? பாலத்துக்கு அப்பால் இராமேஸ்வரம் என்னும் தலம் இருந்தது. அதற்கென்று வரும் மக்கள் இருந்தார்கள். தனுஷ்கோடிக் கடைகளுக்கோ கப்பல் ஏற வருவோரும் இறங்கி வருவோரும்தான் முதல். அந்த ஒரு வழி அடைபட்டதும் திரும்பக் கடை விரிக்க ஆதாரம் இல்லாது போயிற்று.

2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. இடிந்த நிலையச் சுவர்களைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். பார்க்கும் வணிகர் ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் கடை ஒரே வழியை, ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கிறதா?