பத்தாயிரம் வாட் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

திருத்தணி மலைக்குப் படியேறிப் போகிறவர்களில் சிலர் படிகளை எண்ணிக்கொண்டே போவார்கள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பது வழக்கு. சந்தேகப்படுகிறவர் தாமே எண்ணிச் சரி பார்த்துக்கொள்ளலாம்.

தரிசனம் முடிந்து கடைத்தெருவுக்கு வந்தால், மற்ற ஊர்களைப் போலவே இங்கும் வேறு ஓர் எண் கண்ணில் படும். ஹோம் தியேட்டர் பெட்டியின் அட்டை மேல் கொட்டை எழுத்தில் “10,000 வாட்!” என்றிருக்கும். அதன் கீழே, எறும்பு ஊர்வதைப் போல, “பி.எம்.பி.ஓ.” என்று நான்கு எழுத்துக்கள். இந்த எண்ணை யார் சரி பார்ப்பது?

நாமே பார்க்கலாம். அதற்கு இன்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வகுத்தல் போதும். பார்க்கவேண்டியது அவசியமுங்கூட. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று, பண்டிகைக்குக் கையில் சேர்ந்த ஆறாயிரம், எட்டாயிரத்தைக் கொண்டுவந்து கொட்டி வாங்குகிற சாமான் இது. தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் சமமாக ஓடும் வீடுகள். சிலர் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்கே போய் வாங்கி வருகிறார்கள். சிலர் தவணையில் வாங்குகிறார்கள். தவணை கட்டி முடிவதற்குள் பெட்டி கரகரத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தறிக் கணக்கு

ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். விசைத்தறியை ஓட்டும் மோட்டார் சாதாரணமாக ஒரு குதிரைத் திறனுக்குள் அடங்கிவிடும். 10,000 வாட் என்றால் பதின்மூன்று குதிரைத் திறனுக்கு மேல்! அதாவது, பதின்மூன்று தறிகளை ஓட்டும் சக்தி, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறதாம்.

இன்னொரு கணக்கும் போடலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 10,000 வாட் வேண்டுமானால் சுமார் 43 ஆம்பியர் ஓடவேண்டும். சுவரில் உள்ள சாதாரண பிளக்கோ 6 ஆம்பியருக்கு ஏற்பட்டது. அதிலிருந்து அதிகபட்சம் 1,380 வாட்தான் எடுக்கலாம். பெட்டி சொல்வது நிஜமானால், அதைப் போட்ட மாத்திரத்தில் பிளக் கருகி, வீடு இருண்டு போயிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பாட்டுத்தான் வருகிறது.

பின்னே அந்த எண் எங்கிருந்து வந்தது? மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் பெருமுயற்சி செய்து இரண்டு மூட்டைகளை ஒரு விநாடி தூக்கி நிறுத்தக்கூடும். அதற்காக, “இவர் நாள் முழுவதும் இரண்டு மூட்டை சுமப்பார்” என்று சொல்லலாமா? பி.எம்.பி.ஓ. என்பது அந்த ஒரு விநாடிக் கணக்கு. விநாடி என்பதுகூடத் தாராளம். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. அதையும் யாரும் அளந்து பார்த்துப் போடுவதில்லை. இப்படித்தான் அளக்கவேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இதற்குக் கிடையாது. ஆகவே ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் ஐயாயிரம் என்று போட்டால் அடுத்தவர் பத்தாயிரம் என்று போடுகிறார். எழுதுகிற மைக்குத்தான் செலவு!

நாள் முழுவதும் சுமக்கிற மூட்டையின் கணக்குக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். தொடர்ந்து எவ்வளவு வாட் தரும் என்பதை அது காட்டும். கடையில் கேட்கவேண்டியது அதைத்தான். ஆனால் அதிலும் சூட்சுமம் உண்டு. கர்ணகடூரமாக ஓசை சிதையும் வரை திருகிவிட்டு அளந்த வாட்டும் ஆர்.எம்.எஸ். என்றே அச்சாகிறது. ஓசையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சிதைவு இருக்கும்போது அளந்தால் எண் பெரிதாக வரும். ஒரு பங்குக்குள் அடக்கி அளந்தால் சிறுத்துவிடும். பெரிய பெட்டிக்கு 30, ஐந்து சின்னப் பெட்டிகளுக்குத் தலா 10 என்று எல்லாவற்றையும் கூட்டி “80 வாட்” என்று போடுவது இன்னொரு வழக்கம். ஆறு பெட்டிகளும் ஒரே சமயத்தில் முழுப் பலத்துடன் பாடுமா என்பதை அட்டை சொல்லாது.

இந்த வித்தை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கூத்து நடந்தது. பொறுக்கமுடியாமல் 1974-ல் அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷன், ஆம்பிளிபையர் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்யவேண்டும் என்று விதி வகுத்தது. 2024-ல் அதை மேலும் இறுக்கினார்கள். 8 ஓம் பளுவில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாமல் அளக்கவேண்டும் என்று ஏற்பாடு. நம் கடைத்தெருவுக்கு அந்த விதி செல்லாது. ஆனால், “எத்தனை ஓமில், எத்தனை சதவிகிதச் சிதைவில்?” என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பதில் சொல்லக்கூடிய விற்பனையாளர் கிடைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முன்புறம் விளம்பரம், பின்புறம் வாக்குமூலம். பின்னால் ஒட்டியுள்ள சீட்டில் “230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்” என்பதுபோல் எழுதியிருக்கும். உள்ளே போகிற மின்சாரம் அது. போவதற்கு மேல் வெளியே நீடித்து வரமுடியாது. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்தச் சீட்டு எண்ணைச் சாதாரண ஓசையில் பாட்டுப் பாடும்போது அளந்து போடுவதும் உண்டு. ஆகவே 60 என்று எழுதிய பெட்டி, தாளம் ஓங்கும் வேளையில் சிறிது நேரம் நூறு வாட் கொடுத்தாலும் கொடுக்கும். பத்தாயிரம் கொடுக்காது.

சுவரில் செருகும் அடாப்டர் உள்ள செட் என்றால் கணக்கு இன்னும் சுலபம். “12 வோல்ட், 3 ஆம்பியர்” என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 36 வாட். அதுதான் உச்சவரம்பு. அதிலும் ஒரு பகுதி உஷ்ணமாகப் போய்விடும்.

ரிச்சி தெருப் பாணியில், உதிரிப் பாகங்களைக் கோத்துச் செய்யும் அசெம்பிள் செட்டுகளுக்கும் இதுவே விதி. அவற்றில் மெக்கானிக்குகள் பல ஆண்டுகளாகக் கையாண்டு வரும் ஓர் ஐ.சி. உண்டு, ‘4440’ என்றால் தெரியாதவர் இல்லை. ஜப்பானிய சான்யோ நிறுவனம் வடிவமைத்தது. 13.2 வோல்ட்டில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தால் 19 வாட் என்பது அதன் உண்மையான திறன். அதே ஐ.சி.யை வைத்த போர்டுக்கு “200 வாட்” என்று பெயர் சூட்டி விற்பதும் நடக்கிறது. இருந்தாலும் அசெம்பிள் செட்டை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். அது கெட்டுப்போனால் உள்ளூர் மெக்கானிக்கே ஐ.சி.யை மாற்றிக் கொடுத்துவிடுவார். மலிவான கம்பெனி செட்டில் போர்டையே மாற்றவேண்டும் என்பார்கள். போர்டு வருகிறதா என்பது வேறு விஷயம்.

எத்தனை வாட் போதும்?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்க எத்தனை வாட் வேண்டும்? பத்து வாட் நல்ல வாட்டாக இருந்தால் பேஷாகப் போதும்.

ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் ஓசை கேட்கும் என்று ஓர் அளவு உண்டு. சுமாரான ஸ்பீக்கருக்கு 85 என்று வைத்துக்கொள்வோம். பத்து வாட் கொடுத்தால் 95 ஆகும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் 89-க்குக் குறையாது. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவுதான். இனி நூறு வாட் செட்டுக்குப் பணம் கொடுத்தால் என்ன ஆகும்? ஓசை பத்து மடங்கு ஆகாது. நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தோன்றும். காதின் சுபாவம் அப்படி. ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் இடையே வெறும் 3 டெசிபெல்தான் வித்தியாசம். அதே 3 டெசிபெல்லை, சற்று நல்ல ஸ்பீக்கர் வாட்டைக் கூட்டாமலே கொடுத்துவிடும். ஆக, பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். கூட்டை விரலால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா படபடக்கும். கனமான மரக்கூடு அடக்கமாகச் சத்தம் கொடுக்கும். சிவப்பும் நீலமுமாக மின்னும் விளக்குகள் பாடுவதில்லை.

“ஐந்து புள்ளி ஒன்று, அண்ணா! தியேட்டர் எஃபெக்ட்!” என்பார் கடைக்காரர். “அஞ்சு பெட்டியிலும் தனித்தனியா சத்தம் வருமா, அண்ணா?” என்று கேட்டுவிடுங்கள். புளூடூத்திலும் பென் டிரைவிலும் வரும் பாட்டு பெரும்பாலும் இரண்டே வழி ஓசை. ஆறு வழி ஓசை வரவேண்டுமானால் ஹெச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் இணைப்பும், உள்ளே டால்பி பிரித்துக்கொடுக்கும் கருவியும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அதே இரண்டு வழியை ஐந்து பெட்டிகளிலும் பிரதி எடுத்து வாசிக்கும். ஐந்து வாய், பேச்சு ஒன்றுதான்! இந்த விலைக்கு, ஐந்து சொத்தைப் பெட்டிகளைவிட இரண்டு நல்ல பெட்டிகளும் ஒரு சப்-ஊபரும் மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் அவர்கள் போடும் ‘டமால் டுமீல்’ பாட்டைக் கேட்டு மயங்கவேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். மெதுவாக வைத்தால் வார்த்தை புரிகிறதா? முக்கால் அளவுக்குத் திருகினால் குரல் கிழிகிறதா? இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது ஓசை சமமாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். விற்பனையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஷாக் அடிக்காமலும் தீப்பிடிக்காமலும் இருப்பதற்குத்தான் அது ஜாமீன், வாட்டுக்கு அல்ல. வாட்டுக்கு ஜாமீன் பில்தான். ஆர்.எம்.எஸ். எத்தனை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தை எதிர்த்துப் புகார் செய்ய வழி உண்டு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்; திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் பேச்சோடு சரி.

வாங்கி வந்த பிறகு, காலணாச் செலவில்லாமல் ஓசையைக் கூட்டவும் ஒரு வழி உண்டு. சப்-ஊபரை அறையின் மூலையில், சுவரை ஒட்டி வையுங்கள். மத்தளமும் தவிலும் முன்னிலும் கனத்துக் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று 2000-ம் ஆண்டு முதல் சட்டவிதி இருப்பதால், அந்த மூலைக்கு மறுபுறம் பக்கத்து வீட்டுத் தாத்தா படுத்திருக்கிறாரா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.