பேக்கப் டிஸ்க்கைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பேக்கப் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் நல்லது. ஆனால் ஒரு நாள் பேக்கப் டிஸ்க் நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வரும். பழையதை அழித்து இடம் உண்டாக்கலாம் என்று உட்காருவோம். பேக்கப் புரோகிராமை அண்மையில் அப்கிரேட் செய்திருந்தால், இந்த இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டுச் சேலையின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றின் டிசைன்கள் இன்று கம்ப்யூட்டரில் வரையப்படுகின்றன. அதன்படி ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுகிறார்கள். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் அட்டைகள் வரிசையாகக் கோக்கப்படும். டிசைன் பைல் தொலைந்தால், கட்டம் கட்டமாக மீண்டும் வரைய வேண்டியதுதான்.

பேக்கப் புரோகிராம் என்ன செய்கிறது?

ஒரு டிசைனரின் அறையில் அலமாரி நிறைய அட்டைக் கட்டுகளும், எந்தக் கட்டு எந்தத் தட்டில் உள்ளது என்று எழுதிய நோட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் புரோகிராமிலும் இப்படி இரண்டு பகுதிகள் உண்டு. கட்டுகள்தான் உங்கள் பைல்களின் நகல்கள். நோட்டுதான் டேட்டாபேஸ்.

நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டுக் கட்டை எறியாவிட்டால், அலமாரியில் இடம் கிடைக்காது. கட்டை எறிந்துவிட்டு வரியை அடிக்காவிட்டால், 'இருக்கிறது' என்று நோட்டு சொல்லும், தேடினால் இருக்காது. இதனால்தான் பழைய பேக்கப்களை எக்ஸ்புளோரரில் போய் நேரடியாக டெலீட் செய்யக் கூடாது. புரோகிராமில் உள்ள கிளீன் அப் வசதி மூலமே அழிக்க வேண்டும். விண்டோஸின் பைல் ஹிஸ்டரி என்றால், கண்ட்ரோல் பேனலில் பைல் ஹிஸ்டரி திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பிரிவில் கிளீன் அப் வெர்ஷன்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

அழித்த பிறகும் டேட்டாபேஸ் பைலின் அளவு குறையவில்லையா? பயப்பட வேண்டாம். பென்சில் எழுத்தை அழித்தால் நோட்டின் பக்கம் குறையாது அல்லவா? காலி இடம் உள்ளேயே இருக்கும். அதை வெளியேற்றும் வேலைக்குக் காம்பாக்ட் என்று பெயர். பல புரோகிராம்கள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இது வேக்கம் எனப்படும். இதற்கு டேட்டாபேஸ் பைலின் அளவைப் போல் இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். எனவே டிஸ்க் முழுவதும் நிறையும் வரை காத்திருக்காதீர்கள்.

பெரிய நிறுவனத்திலும் நடந்தது

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம். 2017 ஜனவரி 31 அன்று அதன் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் முதல் சர்வருடன் ஒத்துப்போகவில்லை. மறுபடி நகலெடுக்க, இரண்டாவது சர்வரில் போல்டர் காலியாக இருக்க வேண்டும். அதை அழிக்க ஒரு பொறியாளர் கட்டளை கொடுத்தார். ஆனால் அது முதல் சர்வரில் கொடுக்கப்பட்டுவிட்டது. ஓரிரு நொடிகளில் அவர் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடினால் அது காலியாக இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓடியது. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பழைய கருவி புதிய டேட்டாபேஸை ஏற்காமல் ஒவ்வொரு முறையும் நின்றுபோயிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் இமெயில்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை திரும்பவில்லை. நடந்ததை நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டதால் நாமும் கற்றுக்கொள்ள முடிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அப்கிரேட் செய்யும் முன், பேக்கப் புரோகிராமின் டேட்டாபேஸ் பைலை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

2. அப்கிரேட் முடிந்ததும் ஒரு பேக்கப்பை நீங்களே இயக்குங்கள். 'முடிந்தது' என்ற செய்தியை மட்டும் நம்பாமல், பைலின் தேதியையும் அளவையும் பாருங்கள். பூஜ்யம் கேபி என்றால் பேக்கப் இல்லை என்று பொருள்.

3. ஏதாவது ஒரு பைலை வேறு போல்டரில் ரீஸ்டோர் செய்து, திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

4. இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தால் வால்பேப்பரை வெவ்வேறு நிறத்தில் வையுங்கள். அழிக்கும் முன், கமாண்ட் பிராம்ப்ட்டில் ஹோஸ்ட்நேம் என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

5. உங்கள் சொந்த போல்டர் எதையும் உடனே டெலீட் செய்யாதீர்கள். பெயரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். எதுவும் கெடவில்லை என்றால் பிறகு அழியுங்கள்.

6. விண்டோஸை அப்கிரேட் செய்த பின் தோன்றும் விண்டோஸ்.ஓல்டு போல்டரைப் பேக்கப்பாகக் கருதாதீர்கள். வழக்கமாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதை அழித்துவிடும்.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் உள்ளது என்றால், மூன்றாவதைச் செய்யுங்கள். மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம் போதும்.