‘முடிஞ்சுது’ என்று யார் சொல்வது?

அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் கல்லடி தொட்டுக் களுவாஞ்சிக்குடி வரை கரையோரமாய் வீடு கட்டிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்த நாலு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லும். முழுதாய் உடைந்த வீட்டுக்கென்று கிடைத்த 250,000 ரூபா நாலு தவணையாய் வந்தது. ஒரு கட்டம் எழும்பி, அதிகாரி வந்து பார்த்து ஒப்பம் வைத்தால்தான் அடுத்த தவணை வங்கிக்கு வரும். பின்னாளில் கிழக்குக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவும் இப்படிக் கட்டம் கட்டமாய்த்தான் கைக்கு வந்தது.

‘வீட்டில் இருந்தே டொலர் உழைக்கும் இளசுகள்’ என்று இந்த வாரம் எழுதச் சொல்லியிருந்தார்கள். லப்டொப்பும் கையுமாய் இருக்கும் பொடியன்களைத் தேடிப் போனேன். திரும்பி வந்தது மேசன்மாரின் கதையோடு. வாவியின் இந்தக் கரையில் வெப்சைட் செய்பவருக்கும் படுவான்கரையில் சுவர் எழுப்புபவருக்கும் நோய் ஒன்றுதான்: வேலை முடிந்துவிடும், கடைசிக் காசு வராது.

இரண்டு கணக்கு, ஒரு சுவர்

வீட்டுத்திட்டக் காலத்தில் கட்டங்களை வகுத்தவர்கள் காசு கொடுத்தவர்கள். வாங்கியவர் வீட்டுக்காரர். சுவரைக் கட்டிய மேசன் இந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. அவருக்கு இருந்தது வாய்ச்சொல் கொந்தராத்து மட்டும். லிண்டல் மட்டம் வந்த பிறகும் அதிகாரி வரப் பிந்தினால் வீட்டுக்காரருக்குத் தவணை இல்லை. மேசனுக்குக் கூலி இல்லை. சுவர் ஒன்று, கணக்கு இரண்டு. தன் கணக்கைத் தனியே எழுதி வைத்த மேசன் அபூர்வம்.

இன்றைய பொடியன்களிடமும் இதே கோளாறுதான். கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்திடம் வேலை எடுத்து, அதில் ஒரு துண்டை இங்கே தருகிறார். ‘எங்களுக்கு வந்ததும் உங்களுக்கு’ என்கிறார். அவருக்கு எப்போது வரும், எதை முடித்தால் வரும் என்பது இங்கே எவருக்கும் தெரியாது.

கடைசித் தவணைக்குள் இருப்பது என்ன?

‘கடைசி 20 வீதம்தானே, போனால் போகட்டும்’ என்று ஆறுதல் சொல்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் பிடிக்கும் 300,000 ரூபாக் கூலிக் கொந்தராத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையாளின் நாள்கூலி, பலகை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று முதல் மூன்று தவணையும் கரைந்துவிடும். மேசனின் சொந்த உழைப்புக்கு மிஞ்சுவது அந்தக் கடைசி 60,000 ரூபா. அது நின்றால் போவது 20 வீதமல்ல, அவருடைய மூன்று மாதம்.

அதனால்தான் இந்தத் தொழிலில் பழகியவர்கள் கடைசித் தவணையைச் சின்னதாக வைக்கச் சொல்கிறார்கள். 150,000 ரூபாவுக்கு பாசிக்குடா விருந்தினர் விடுதி ஒன்றுக்கு வெப்சைட் செய்வதென்றால் இப்படிப் பிரிக்கலாம்: ஒப்பம் வைத்ததும் 30,000, வடிவமைப்பு ஏற்கப்பட்டதும் 45,000, பரீட்சார்த்த முகவரியில் தளம் முழுதாய் இயங்கியதும் 52,500, கடவுச்சொற்களை ஒப்படைக்கும்போது 22,500. காசு கைக்கு வந்த பிறகே கடைசிச் சாவி கைமாறும். எந்தக் கட்டத்தில் பிரிய நேர்ந்தாலும் ஒருவருக்கு மற்றவர் பெரிதாய்க் கடன்படக்கூடாது.

கண்ணால் காணும் கட்டம்

லிண்டலில் சண்டை வருவதில்லை. அது இருக்கிறதா இல்லையா என்று தெருவால் போகிறவரும் சொல்லிவிடுவார். பூச்சில்தான் சண்டை. ‘வடிவா இல்லையே மனே, இன்னொருக்காப் பூசு’ என்பதற்கு எல்லையே இல்லை.

ஒப்பந்தத்தில் எழுதும் ஒவ்வொரு கட்டமும் லிண்டல் மாதிரி இருக்க வேண்டும். ‘டிசைன் வேலை பாதி முடிந்ததும்’ என்பது பூச்சு. ‘முகப்போடு 5 பக்கங்கள், கைத்தொலைபேசியில் திறந்து காட்டியதும்’ என்பது லிண்டல். எத்தனை தடவை திருத்தம் இலவசம், மூன்றாவது திருத்தத்துக்கு என்ன விலை, படங்களும் எழுத்தும் யார் தருவது என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். வாடிக்கையாளர் படம் தரப் பிந்தினால் நீங்கள் வேலையை ஒப்படைக்கும் நாளும் அதற்கேற்பத் தள்ளிப்போகும் என்று ஒரு வரி வேண்டும். ஐப்பசியில் தொடங்கும் மாரி மழையில் சீமெந்து வேலை நிற்கும் என்பது மட்டக்களப்பில் குழந்தைக்கும் தெரியும். ஆனால், எழுதாத மழை பிந்திய வேலைக்குச் சாட்சி சொல்ல வராது.

மௌனத்துக்கு ஒரு நாள்

எனக்குப் பெரிய கவலை இதுதான். ‘நல்லாயில்லை’ என்று சொல்லும் வாடிக்கையாளரோடு பேசலாம். ஒன்றுமே சொல்லாதவரை என்ன செய்வது? வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கட்டம் அந்தரத்தில் நிற்கிறது.

ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான பன்னாட்டுத் தளமொன்று இதற்கு வழி வைத்திருக்கிறது. கட்டத்துக்கான பணத்தை வாடிக்கையாளர் முன்கூட்டியே தளத்தில் வைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்து 14 நாளுக்குள் அவர் பேசாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். நேரடியாக வேலை எடுப்பவர் இதே விதியைத் தானே எழுதிக்கொள்ளலாம்: ‘ஒப்படைத்து 7 நாளுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்காவிட்டால் இந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகும்.’ நான் பார்த்த ஒப்பந்தத் தாள்களில் இந்த ஒரு வரிதான் எப்போதும் காணாமல் போயிருந்தது.

ஒரு வருடமா, ஆறு வருடமா?

காணி எழுதத்தான் நொத்தாரிசு வேண்டும். வேலை ஒப்பந்தத்துக்கு வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்ததிலிருந்து, மின்னஞ்சலில் செய்தது என்பதற்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடவும் முடியாது.

எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட ஆறு வருடம். செய்த வேலைக்கான கூலி என்று மட்டும் கேட்டுப் போனால், அது தரவேண்டிய நாளில் இருந்து ஒரேயொரு வருடம். ‘அடுத்த வெள்ளாமைக்குப் பாப்பம்’ என்று இரண்டு போகம் போனால் போதும், கேட்கும் உரிமையே போய்விடும். சின்னத் தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது, கையில் ஏதும் எழுத்து இருக்கிறதா என்றுதான்.

அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போன கதைகள் வீட்டுக்காரர்களிடமும் உண்டு. உண்மைதான். அவர்களையும் காப்பது இதே தாள்தான்.

அடுத்த வேலைக்கு அட்வான்ஸ் நீட்டப்படும்போது கையை ஒரு நிமிடம் பின்னுக்கு வையுங்கள். கொப்பித் தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை கட்டம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எதைப் பார்த்தால் கட்டம் முடிந்ததாகும், எத்தனை நாள் மௌனம் சம்மதமாகும். இரண்டு பேரும் ஒப்பம் வையுங்கள், கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். பிறகு அட்வான்ஸை வாங்குங்கள்.