பகுத்தறிவு உணர்வெழுச்சி நடத்தைச் சிகிச்சை: அடிப்படைக் கோட்பாடுகள்

முன்னுரை

உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007), அம்முறையின் பயன் போதாதெனக் கண்டு 1955இல் இச்சிகிச்சையை வகுத்தார். 1993இல் இது தற்போதைய பெயரைப் பெற்றது. மனிதரைக் கலங்கச் செய்வன நிகழ்வுகள் அல்ல, அவை பற்றிய எண்ணங்களே என்னும் ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெட்டசின் கருத்து இதன் அடித்தளமாகும்.

ஏ-பி-சி மாதிரி

ஏ என்பது தூண்டும் நிகழ்வு. பி என்பது அதுபற்றிய நம்பிக்கை. சி என்பது உணர்வு, நடத்தை ஆகியவற்றில் தோன்றும் விளைவு. சான்றாக, ஆய்வாளர் ஒருவரின் கட்டுரை திருப்பி அனுப்பப்படுகிறது (ஏ). அவர் பல வாரங்கள் எழுதாமல் முடங்குகிறார் (சி). ‘நான் தோற்கவே கூடாது; தோற்றால் எனக்கு மதிப்பில்லை’ என்னும் நம்பிக்கையே (பி) அம்முடக்கத்தின் முதன்மைக் காரணம்.

இத்தகைய கட்டாயங்களை எல்லிஸ் மூன்றாகத் தொகுத்தார்:

1. நான் சிறப்பாகச் செய்தே ஆகவேண்டும்.
2. பிறர் என்னை நன்கு நடத்தியே ஆகவேண்டும்.
3. வாழ்க்கை எளிதாக இருந்தே ஆகவேண்டும்.

மறுத்தல்

அடுத்த படியான மறுத்தலில் (டி), அந்நம்பிக்கைக்குச் சான்று உண்டா, அது தருக்கத்திற்குப் பொருந்துமா, பயன் தருமா என்னும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. ‘கட்டுரை ஏற்கப்படுவதை விரும்புகிறேன், ஏற்கப்பட்டே ஆகவேண்டும் என்னும் விதி இல்லை’ என்பது இதன்வழி உருவாகும் புதிய நோக்கு (ஈ). வருத்தம் எஞ்சும்; ஆயினும் அது திருத்தி எழுதுவதைத் தடுப்பதில்லை.

முடிவுரை

எனவே இச்சிகிச்சை உணர்ச்சியை ஒடுக்குவதன்று. வருத்தத்தை மனச்சோர்விலிருந்தும், அக்கறையைப் பதற்றத்திலிருந்தும் பிரித்தறிவது. முறையற்ற மறுப்பை எதிர்த்து முறையிடுவதையும் அது விலக்குவதில்லை. செயலை மதிப்பிடலாம், அதைக்கொண்டு மனிதரை மதிப்பிடலாகாது என்னும் நிபந்தனையற்ற தன்னேற்பே அதன் மையக் கோட்பாடு.