ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்: வீட்டு வயரின் கணக்கு

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் 'தடை' என்ற சொல் விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1990 இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார்; டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் போகும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிவிடும்.

அந்த டைனமோக்களில் 6 வோல்ற், 3 வாற் என்று பொறித்திருக்கும். எங்கள் ரேடியோவுக்கு 1.5 வோல்ற் பற்றரி நான்கு. கூட்டினால் அதுவும் 6 வோல்ற். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் நடுவில் ஒரு டயோட் போடுவார்கள். ஓமின் விதியைப் படிக்காத பெடியன்களே இதையெல்லாம் பொருத்தினார்கள். அன்று பிழைத்தால் போவது ஒரு ரேடியோ. இன்று வீட்டுக்கு வருவது 230 வோல்ற். அதனால்தான் சாதாரண தரப் பரீட்சையோடு பலரும் மறந்துவிட்ட ஒரு சின்னக் கணக்கை எழுத நினைத்தேன்.

வோல்ற் என்பது மின்னைத் தள்ளும் அழுத்தம். அம்பியர் என்பது ஓடும் மின்னோட்டத்தின் அளவு. இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை வரும், ஓமில். இரண்டையும் பெருக்கினால் வலு வரும், வாற்றில். வகுத்தலை 1827 இல் நூலாக வெளியிட்டவர் ஜேர்மனியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஜோர்ஜ் சைமன் ஓம்.

இப்போது குசினிக்கு வருவோம். கேத்தலின் அடியில் 230 வோல்ற், 2000 வாற் என்று இருக்கிறது. 2000 ஐ 230 ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். 230 ஐ அந்த 8.7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.4 ஓம். இதுதான் கேத்தலுக்குள் இருக்கும் சுருளின் தடை. அது பெரிதாக மாறாது. மாறுவது லைனில் வரும் வோல்ற்.

லைன் முடியும் இடத்தில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் 180 வோல்ற்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 ஐ 26.4 ஆல் வகுத்தால் 6.8 அம்பியர். 180 ஐ 6.8 ஆல் பெருக்கினால் 1,225 வாற் அளவில் நிற்கும். வோல்ற் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட; வலுவோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. இரண்டரை நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லீற்றர் தண்ணீருக்கு நான்கு நிமிடம் வேண்டும். இதனால் பில் கூடுகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்குத் தேவையான வெப்பம் அதேதான், ஆகவே யூனிற்றும் கிட்டத்தட்ட அதேதான். கூடுவது காத்திருக்கும் நேரம்.

எனக்குப் பயமாக இருப்பது வேறொரு இடம். மீளக்குடியேறிய பல வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டவை. முன் அறைக்கு மட்டும் வயரிங் இருக்கும். பின்னால் தகரம் போட்ட குசினிக்கு மெல்லிய வயர் ஒன்றை இழுத்து, எட்டாத இடத்தில் இன்னொரு துண்டை முறுக்கி, ரேப் சுற்றிவிடுவார்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 30 மீற்றர் தூரம் போனால், போகவும் வரவுமாக 60 மீற்றர். அதன் தடை ஏறத்தாழ 1.5 ஓம். 8 அம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே 12 வோல்ற் விழுகிறது. 12 ஐ 8 ஆல் பெருக்கினால் 96 வாற். அவ்வளவும் வெப்பம். நீளத்துக்குப் பரவிக் கிடந்தால் கையில் இளஞ்சூடு மட்டும் தெரியும். அதே வயரை வளையமாகச் சுற்றி மூலையில் வைத்தால் அந்தச் சூடு போக இடமில்லை.

முறுக்கிய இணைப்பு இதைவிட மோசம். செம்பு கறுத்து, முறுக்கு இளகி, அங்கே அரை ஓம் தடை உருவானால் போதும். அரை ஓமில் 8 அம்பியர் ஓட 4 வோல்ற் விழும். 4 ஐ 8 ஆல் பெருக்க 32 வாற். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனின் வலு அது. ஒரு பயற்றங்காய்த் துண்டளவு இடத்தில், ரேப்புக்குள், கூரைத் தடியோடு ஒட்டியபடி.

பியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது கூடுதலான அம்பியருக்குத்தான் உருகும். தடை கூடினால் மின்னோட்டம் குறையும், 8.7 ஆக இருந்தது 8.5 ஆகும். பியூஸுக்கோ பிரேக்கருக்கோ இதில் எந்தக் குறையும் தெரியாது. மின் ஒழுக்குக்கு விழும் ட்ரிப் சுவிட்சும் விழாது, ஏனென்றால் எதுவும் நிலத்துக்கு ஒழுகவில்லை.

இந்தக் கணக்கு எல்லாச் சாமானுக்கும் அப்படியே பொருந்தாது. எரியும் 100 வாற் குண்டு பல்பின் தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது மீற்றரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, இழை சூடாகும்போதுதான் தடை ஏறுகிறது. காற்றாடி, தண்ணீர் மோட்டர் போன்றவற்றில் வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வருவது உண்மையான வலுவைவிடக் கூடுதலாக இருக்கும். கேத்தல், அயன், ஹீற்றர் ஆகியவற்றுக்கு நம்பிப் போடலாம். வீடுகளில் வயரைச் சுடவைப்பவையும் பெரும்பாலும் இவைதான்.

கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்ரிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்தப் பொயின்றில் திரும்பவும் செருக வேண்டாம். கூரைக்குள் இருக்கும் முறுக்கை நீங்களே பிரிக்காமல், மெயின் சுவிட்சை நிறுத்தி, தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை நடுவில் ஒட்டில்லாமல் இழுப்பியுங்கள்.