பிறன் பொருளும் தானமும்

வில்லிபாரதத்துக் கிருட்டிணன் தூதுச் சருக்கத்தை அண்மையில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். உறவினரைக் கொன்று நாடாள நெஞ்சு கூசிய தருமன், நாட்டைத் தர மறுப்பின் ஐந்து ஊரேனும் கேட்குமாறு கூறிக் கண்ணனைத் தூது விடுக்கும் இடம் அது. மாணவரொருவர் எழுந்தார். "ஐயா, 1938இல் பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேன் செய்ததும் இதுதானே? அவரைக் கோழை என்கிறார்கள். தருமனை மட்டும் அறவோன் என்கிறோமே!" என்றார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. வீடு சென்றபின் அக்கால வரலாற்றை மீண்டும் புரட்டினேன்.

சேம்பர்லேன் கோழை அல்லர். 69 வயதில், இரண்டு வாரத்துக்குள் மும்முறை விமானமேறி ஹிட்லரைக் காணச் சென்றவர் அவர். முதல் உலகப் போரில் மாண்ட தம் ஒன்றுவிட்ட சகோதரரைப் பற்றி நினைவு நூலொன்றும் எழுதியவர். அத்தகைய அழிவு மீண்டும் வாராமற் காக்கவேண்டும் என்ற அவரது வேட்கை பொய்யன்று. மாற்றான் சினத்தை விட்டுக்கொடுத்துத் தணிப்பது அந்நாளில் இழிவாகவும் எண்ணப்படவில்லை. இலண்டன் மாநகரே அவரை வாழ்த்தி ஆரவாரித்தது.

ஹிட்லர் கேட்டது செக்கோஸ்லாவாக்கியாவின் எல்லைப்புறமான சுடேத்தன் பகுதி. அங்கே ஏறக்குறைய 30 இலட்சம் ஜேர்மன் மொழியினர் வாழ்ந்தனர். அவர்களுக்கு உண்மையான குறைகளும் இருந்தன. ஆனால் அந்நாட்டின் மலையரணும் கோட்டை வரிசையும் அப்பகுதியிலேயே அமைந்திருந்தன. அதைக் கொடுப்பது வேலியைப் பிரித்துக் கொடுப்பதாகும்.

1938 செப்டெம்பர் 29ஆம் நாள் மியூனிக் நகரில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லேன், பிரான்சியப் பிரதமர் தலாதியே ஆகிய நால்வரும் கூடினர். எவருடைய நாடு பங்கிடப்பட்டதோ அவருக்கு அந்த அவையில் இருக்கை இல்லை. செக் பிரதிநிதிகள் இருவர் ஒரு விடுதியிற் காத்திருந்தனர். நள்ளிரவு கழிந்தபின் அவர்களை அழைத்து, முடிந்துபோன தீர்ப்பைக் கையிற் கொடுத்தார்கள். அவர்களிடம் மறுமொழி எதிர்பார்க்கப்படவில்லை. அவ்வேளை சேம்பர்லேன் மறைக்காமற் கொட்டாவி விட்டார் என அவ்விருவருள் ஒருவரான மசாரிக் எழுதி வைத்துள்ளார். களைத்த முதியவரின் கொட்டாவிதான். ஆயினும் வரலாற்றில் அக்கொட்டாவியை என்னால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை.

மாணவரின் வினாவுக்கு விடை இங்கேதான் எனக்குக் கிடைத்தது. சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களுள் தானமும் ஒன்று. பகைவனுக்கு ஈந்து போரைத் தவிர்த்தல் அரசியல் முறைக்குப் புறம்பானதன்று. ஆனால் ஈபவன் தன் பொருளை ஈதல் வேண்டும். தருமன் குறைத்தது தன் உரிமையை. அதனால் இழப்படையக்கூடிய வீமன் அவ்வவையிலேயே சினந்து பேசினான். திரௌபதி விரித்த கூந்தலோடு அழுது முறையிட்டாள். அவர்கள் வாயை எவரும் அடைக்கவில்லை. மியூனிக்கிலோ ஈந்தவர் பிரித்தானியரும் பிரான்சியரும், இழந்தவர் செக்குகள். அதிலும் பிரான்சு, தாக்குதல் நேரின் துணைவருவதாக அந்நாட்டோடு உடன்படிக்கை செய்திருந்த நட்புநாடு!

போருக்கு ஆயத்தமாக ஓராண்டு கிடைத்ததே என்பார் உளர். அவ்வாண்டிற் பிரித்தானியாவின் புதிய போர்விமானங்களும் ரேடார் நிலையங்களும் பெருகியது உண்மை. ஆனால் பகைவனும் உறங்கவில்லை. 1939 மார்ச் 15இல் ஹிட்லரின் படை பிராக் நகருட் புகுந்தது. செக் ஆயுதங்களும் ஆயுதத் தொழிற்சாலைகளும் அவன் வசமாயின. 1940இற் பிரான்சினுட் பாய்ந்த ஜேர்மன் படையிற் செக் நாட்டிற் செய்த யுத்த தாங்கிகள் பல இருந்தன. இலாப நட்டக் கணக்கை இராணுவ நூலோர் இன்னும் வாதாடட்டும். இலாபமே மிஞ்சினாலும், அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பிறன் நிலமன்றோ?

பழியனைத்தையும் ஒருவர் தலையிற் சுமத்துவதும் முறையன்று. ஒக்டோபர் 6இல் பிரித்தானியப் பொதுச்சபை 366 வாக்குகளால் அவரை ஆதரித்தது, எதிர்த்தவை 144. கடற்படை அமைச்சர் டஃப் கூப்பர் மட்டும் பதவி துறந்து வெளியேறினார்.

மறுநாள் இவற்றை வகுப்பிற் கூறினேன். அம்மாணவர் விடவில்லை. "ஐயா, செக் சனாதிபதி பெனெசிடம் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் திரண்டிருந்தனரே! அவர் தனித்து நின்று போரிட்டிருக்கலாகாதா?" என்றார்.

பெனெஸ் அத்தீர்ப்புக்குப் பணிந்தார். ஒக்டோபர் 5இற் பதவி துறந்தார். அம்மாதமே நாட்டையும் நீங்கினார். சேம்பர்லேனைக் குறித்துப் பேசிய என் நா இவரிடத்தில் எழவில்லை. அவர் விட்டது தம் நாட்டு மண்ணை. காத்தது தம் மக்களின் உயிரை. அவர் இடத்தில் தருமன் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று நான் மாணவரைக் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அன்று பாரதப் பாடம் நடக்கவில்லை.